உயர்ந்த கையும் சிறு பணயமும்

பெரிய தீமைகளைக் கண்டு அஞ்சுவதற்கு உலகத்தில் எவருக்கும் போதனை வேண்டுவதில்லை. கொலை தீது, கொள்ளை தீது என்பதைக் கொலைஞனும் கொள்ளைக்காரனும்கூட மறுத்துரைக்கமாட்டார்கள். போதனை வேண்டுவது சிறியவற்றில்தான். 'இஃது அற்பமன்றோ, இதனால் யாருக்கு என்ன கேடு?' என்று நாம் கடந்து செல்லும் இடங்களிலேயே மனம் தன் பழக்கங்களைப் பெறுகின்றது. பெரிய சந்தர்ப்பம் வந்து நிற்கும்போது, அந்தப் பழக்கமே நம்மைக் கேளாமல் முந்திக்கொண்டு செயலாற்றுகின்றது. ஆதலின் சிறியதொரு விஷயத்தை எடுத்துக்கொண்டு இங்கே ஆராய விரும்புகிறோம்.

அறவுரை முடிந்த ஒரு மாலையில் அலுவலகத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் நம்மை அணுகி இவ்வாறு வினவினார்: "ஐயா, நண்பர்கள் ஆறு பேர் கூடி ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடுகிறோம். பணயம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்தான். தோற்றவன் ஒருவேளைச் சிற்றுண்டிச் செலவுக்கு மேல் தோற்பதில்லை. சூது தீது என்று தாங்கள் சொல்வீர்கள், அதனை அறிவேன். நான் கேட்பது வேறு. மிக உயர்ந்த சீட்டுகள் என் கைக்கு வரும்போது, ஒன்றுமில்லாதவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களை உள்ளே இழுக்கிறேன். அது பொய்யாகுமா? அப்படிச் செய்யாமல் பணயத்தை உயர்த்தி வெளிப்படையாக ஆடினால் குற்றம் நீங்குமா?"

'சூதை விட்டுவிடு' என்று ஒரே சொல்லில் இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அது கேட்ட கேள்விக்கு விடையாகாது. நேர்மையாகக் கேட்பவருக்கு நேர்மையாக ஆராய்ந்தே விடை கூற வேண்டும். ஆகவே முதலில் ஆட்டத்தின் இயல்பை அறிந்துகொள்வோம்.

போக்கர் அமெரிக்க நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர்களிலும் ஆற்றில் ஓடிய நீராவிக் கப்பல்களிலும் பரவிய ஆட்டம். நம் நாட்டில் எல்லோரும் அறிந்த 'மூன்று சீட்டு' இதற்குத் தாயாதி முறை. இரண்டிலும் விதி ஒன்றே. சீட்டுகள் கவிழ்ந்திருக்கும்; தன் கையை ஒருவன் தானே அறிவான்; கையின் வலிமையைக் குறித்துப் பணயத்தால் பேசுவான்; மற்றவர் அதற்கு ஈடு கட்டலாம், உயர்த்தலாம், அன்றிச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம்.

உயர்ந்த கை எத்துணை அரியது என்பதற்குக் கணக்கு உண்டு. 52 சீட்டுகளிலிருந்து ஐந்து சீட்டுகள் கொண்ட கைகள் 25,98,960 வகையாக அமையலாம். அவற்றுள் ஒரே எண்ணுள்ள நான்கு சீட்டுகள் சேர்ந்த கை 624 மட்டுமே. ஒரே குறியில் பத்து முதல் ஆஸ் வரை வரிசையாக நிற்பது நான்கே நான்கு. மூன்று சீட்டில் 22,100 கைகள். ஒரே எண் மூன்றும் சேர்வது அவற்றுள் 52. அதாவது 425 முறை சீட்டுப் போட்டால் சராசரியாக ஒருமுறை வரும். இத்துணை அரிதாக வருவதனால், அது வரும்போது மனிதனுடைய மனம் என்ன ஆகிறது என்பது காணத்தக்கது.

நாம் ஆலையில் தறி ஓட்டிய நாள்களில், கூலி நாளன்று மாலை மூன்று சீட்டு வட்டங்கள் கூடுவதைக் கண்டிருக்கிறோம். உயர்ந்த கை வந்தவனை நாம் எளிதில் அறிந்துகொள்வோம். அதுவரை அசைந்துகொண்டிருந்த கால்விரல்கள் நின்றுவிடும். உதட்டிலிருந்த பீடி அணைந்துபோனதையும் அவன் அறியான். பிறகு ஒரு பெருமூச்சு விடுவான். 'இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது' என்பான். அந்தப் பெருமூச்சுதான் நம் இளைஞருடைய கேள்வி.

இதனைப் 'பதுங்கி ஆடுதல்' என்போம். இது பொய்யா? பௌத்த உரையாசிரியர்கள் பொய்க்கு நான்கு அங்கங்கள் வகுத்துள்ளனர்: கூறப்படும் பொருள் உண்மையல்லாததாய் இருத்தல், ஏமாற்றும் எண்ணம், அதற்குரிய முயற்சி, மற்றவர் அதனை அறிந்துகொள்ளுதல். முயற்சி நாவினால்தான் இருக்கவேண்டுமென்பதில்லை, உடலினாலும் ஆகலாம். இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம்.

சீட்டைக் கவிழ்த்து வைத்திருப்பது பொய்யன்று. கவிழ்ந்திருக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். பணயத்தை உயர்த்தாமல் பேசாதிருப்பதும் பொய்யாகாது. உரைக்கவேண்டிய கடமை அவனுக்கு இல்லை. மல்லன் வலக்கையை ஓங்கி இடக்கையால் பிடிப்பதை யாரும் பொய்யென்று சொல்வதில்லை. ஆனால் பெருமூச்சு எத்தகையது? சலிப்பான முகம் எத்தகையது? 'ஒன்றுமில்லை' என்ற சொல் எத்தகையது? அங்கே நான்கு அங்கங்களும் நிறைந்துவிடுகின்றன. மறைத்தல் வேறு, இல்லாததைக் காட்டுதல் வேறு. முன்னது வாயை மூடிக்கொள்ளுதல்; பின்னது வாயைத் திறந்து பொய் சொல்லுதல். 'ஆட்டத்தில் இதுவும் வழக்கம்' என்பார்கள். வழக்கமென்பது தண்டனையை நீக்கலாம், பழக்கத்தை நீக்காது. ஞாயிறுதோறும் பெருமூச்சு விடப் பழகிய நெஞ்சு, திங்களன்று அதிகாரியின் எதிரிலும் மனைவியின் எதிரிலும் அதே பெருமூச்சை விடுவதற்கு வெட்கப்படுவதில்லை.

இனி இரண்டாம் கேள்வி. வெளிப்படையாக ஆடினால் குற்றம் நீங்குமா? இங்கே வியப்பான செய்தியொன்று உளது. சிறு பணய ஆட்டத்தில் உயர்ந்த கையை ஒளிக்காதே, உடனே பணயத்தை உயர்த்து என்றே ஆட்ட வல்லுநர்கள் போதிக்கிறார்கள். காரணம் யாதெனில், பணயம் சிறிதாயிருக்கையில் எவரும் விலகுவதில்லை. 'பத்து ரூபாய்தானே, பார்த்துவிடுவோம்' என்று எல்லோரும் உள்ளே நிற்பார்கள். நிற்பவர் பெருகப் பெருக உயர்ந்த கையும் மெலிகிறது. போக்கரில் இன்று மிகுதியாக ஆடப்படும் டெக்சாஸ் வகையில் முதலில் இரண்டு சீட்டுகள் கொடுப்பர். இரண்டும் ஆஸாக வருவது 221 முறைக்கு ஒருமுறை. அதனினும் உயர்ந்த தொடக்கம் இல்லை. யாதொரு கையையும் கொண்ட ஒருவனை எதிர்த்து அது கடைசிவரை நின்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 85 முறை வெல்லும். அவ்வாறே ஒன்பது பேரை எதிர்த்து நின்றால் 31 முறைதான் வெல்லும். ஆகவே பதுங்கியிருந்து எல்லோரையும் மலிவாக உள்ளே விடுபவன் தன் கையைத் தானே கெடுத்துக்கொள்கிறான். சிறு ஆட்டத்தில் வஞ்சகத்தைவிட வெளிப்படையே லாபம் என்பது இதன் முடிவு.

இதைக் கேட்டவுடன், 'நன்று, உண்மைக்கும் லாபத்துக்கும் இங்கே உறவு ஏற்பட்டுவிட்டது' என்று மகிழத் தோன்றும். அவசரம் வேண்டாம். பணயத்தை உயர்த்துகிறவன் 'என் கை வலியது' என்று சொல்கிறான், அது உண்மைதான். ஆனால் அதனை எதிரிலிருப்பவன் நம்பவேண்டுமென்று அவன் விரும்புகிறானா? நம்பினால் எதிரி விலகிவிடுவான். இவனுக்குக் கிடைப்பது அற்பமே. நம்பாமல் ஈடு கட்டினால்தான் லாபம். நம்பப்படாமற் போகவேண்டும் என்று விரும்பியே சொல்லப்படும் உண்மை அது. இப்படிப்பட்ட உண்மையை உண்மையென்று கொண்டாடலாமா?

1944-ஆம் ஆண்டில் வான் நியூமன், மார்கன்ஸ்டெர்ன் என்னும் இரு அறிஞர்கள் ஆட்டங்களையும் பொருளியலையும் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார்கள். அதில் போக்கரையும் கணக்கிட்டு ஆராய்ந்துள்ளனர். எளியதோர் அமைப்பில் அவர்கள் கண்டது இது: திறமையாக ஆடுகிறவன் மிக உயர்ந்த கைகளிலும் பெரும் பணயம் வைப்பான், மிகத் தாழ்ந்த கைகள் சிலவற்றிலும் வைப்பான், இடைப்பட்ட கைகளில் அடங்கியிருப்பான். தாழ்ந்த கையில் ஏன் வைக்கவேண்டும்? உயர்ந்த கை வரும்போது மட்டுமே ஒருவன் பணயத்தை உயர்த்தினால், அவன் உயர்த்தியவுடனே எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே இடையிடையே பொய்யை விதைத்து வைக்கவேண்டும். அந்தப் பொய்யின் விளைச்சல், தன் உண்மையைப் பிறர் ஐயுறுதல். அந்த ஐயத்தை அறுவடை செய்வதே லாபம். உலகத்தில் மற்ற எல்லாத் தொழிலிலும் மனிதன் தன் சொல் நம்பப்படவேண்டுமென்று பாடுபடுகிறான். தறிக்காரன் 'இந்தப் புடவை சாயம் போகாது' என்றால், வாங்குபவள் நம்பவேண்டும் என்றே சொல்கிறான். இந்த ஒரு மேசையில் மட்டும் உண்மை நம்பப்படாதிருப்பதற்காக உழைக்கிறார்கள்.

அமெரிக்கரான டேவிட் ஸ்க்ளான்ஸ்கி என்பவர் போக்கரின் அடிப்படையென்று ஒரு விதியைக் கூறினார். அதன் கருத்து யாதெனில், உன் சீட்டுகளை எதிரி கண்டிருந்தால் எவ்வாறு ஆடியிருப்பானோ, அவ்வாறன்றி வேறுவிதமாக அவன் ஆடும் ஒவ்வொரு முறையும் லாபம் உனது என்பதாகும். அவர் ஆட்டக்காரருக்காகவே இதனைக் கூறினார். ஆயின் அறவழி நடக்க விரும்புவோர் இதனை நின்று நோக்கவேண்டும். அயலானுடைய காணாமையே என் வருவாய் என்பது இதன் பொருள். 'வந்து பார்' என்று அழைப்பது தம்மத்தின் இயல்பு என்று நாம் நாள்தோறும் ஓதுகிறோம். பிறர் கண் திறந்தால் மகிழ்வது ஒரு பயிற்சி. பிறர் கண் மூடியிருந்தால் மகிழ்வது மற்றொரு பயிற்சி. இரண்டையும் ஒரே நெஞ்சில் வளர்த்தல் கடினம்.

ஆட்டக்காரர்களுக்கு அறவுணர்ச்சியே இல்லையென்று நாம் கூறவில்லை. அவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. பணயமெல்லாம் முடிந்து சீட்டைத் திறந்து காட்டும் வேளையில், வெல்லும் கை தன்னிடம் இருப்பதைத் திண்ணமாக அறிந்த ஒருவன், எதிரி வென்றோம் என்று மகிழும்வரை தாமதித்துப் பிறகு மெல்லத் திறந்து காட்டுவதுண்டு. இதனை விதி தடுப்பதில்லை. ஆயினும் போக்கர் மேசைகளில் இதனை இழிந்த செயலாகவே கருதுகிறார்கள். ஏன்? பதுங்கி ஆடுவதில் பணமாவது கிடைக்கும். இதில் ஒரு காசும் கூடக் கிடைப்பதில்லை. பிறன் நம்பிக்கை முறிவதைக் காணும் இன்பம் ஒன்றே கிடைக்கிறது. சூதாடுகிறவரும் நாணுகின்ற எல்லை ஒன்று உண்டு என்பதற்கு இது சான்று.

மற்றொரு வழக்கைக் கேளுங்கள். எதிரில் இருப்பவன் நண்பன், அவன் இன்று ஏற்கெனவே தோற்றிருக்கிறான் என்று இரங்கி, உயர்ந்த கை வைத்திருந்தும் ஒருவன் பணயத்தை உயர்த்தாமல் விடுகிறான் என்று கொள்வோம். போட்டியாட்டங்களில் இது குற்றம். நண்பனுக்குக் காட்டிய இரக்கத்தால் மேசையிலிருக்கும் மூன்றாமவனுக்கு நஷ்டம் உண்டாகிறதாம். அவர்கள் கூறுவது நியாயமே. அந்த மேசையில் அது நியாயம். ஆனால் உபாசகர் ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இங்கே பிறக்கிறது. இரக்கம் குற்றமாகிவிடுகின்ற ஓர் இருக்கையில் நாம் ஏன் அமரவேண்டும்?

'பணயம் சிறிதுதானே' என்பது இளைஞருடைய அரண். சிறிது என்பது யாருக்குச் சிறிது? மாதச் சம்பளக்காரருக்குப் பத்து ரூபாய் பொருட்டன்று. அதே வட்டத்தில் நாட்கூலிக்காரர் ஒருவர் அமர்ந்திருந்தால், பத்துப் பத்தாக ஐந்து முறை இழந்தால் அவர் வீட்டில் குழந்தைக்குப் பால் குறையும். அவர் விலகவும் மாட்டார். 'சிறு பணயத்துக்கு அஞ்சினான்' என்ற சொல்லுக்கு அஞ்சுவார். பணயம் சிறிதாயிருப்பதே ஏழையை அந்த மேசைக்கு இழுத்துவருகிறது. மேலும், ஆட்டம் நடத்துகின்ற சூதாட்ட நிலையங்கள் ஒவ்வொரு தொகையிலிருந்தும் தமக்கென்று ஒரு பங்கு எடுத்துக்கொள்கின்றன. சிறு பணய மேசைகளில் அந்தப் பங்கு பணயத்தின் அளவை நோக்கப் பெரிதாகவே அமைகிறது. அங்கே உயர்ந்த கை யாருக்கு வந்தாலும், ஒவ்வொரு நாளும் வெல்பவர் நிலையக்காரர் ஒருவரே.

வீட்டில் ஆடினால் அந்தப் பங்கு இல்லை. ஆனால் அங்கேயும் ஒன்றை நினைக்கவேண்டும். எட்டு மணி நேரம் தறி ஓடினால், முன்பு இல்லாத துணி உண்டாகிறது. முதலாளிக்கு லாபம், தொழிலாளிக்குக் கூலி, எங்கோ ஒருவருக்கு உடை. எட்டு மணி நேரம் சீட்டு ஓடினால் ஒரு முழமும் உண்டாவதில்லை. ஆறு பேர் கொண்டுவந்த பணமே ஆறு பேரிடம் இடம் மாறுகிறது. ஒருவன் மகிழ்ச்சியின் அளவு மற்றவர்கள் வருத்தத்தின் அளவாகவே இருக்கும்.

உயர்ந்த கை அதனை உடையவனுக்குச் செய்யும் தீங்கும் ஒன்றுண்டு. சீட்டைக் கலைத்துப் போட்டவன் ஒருவன், வந்தது தற்செயல். ஆயினும் வந்த கணத்திலேயே அது தன் பெருமையென்று மனம் கொள்கிறது. நூற்றில் 85 வெல்லும் கை, நூற்றில் 15 தோற்கவும் செய்யும். தோற்றபோது அவன் 'அநியாயம்' என்று கூவுகிறான். அநியாயம் எங்கே? வராததை வரவேண்டியதென்று எண்ணியதே பிழை. தற்செயலாகக் கைக்கு வந்ததைத் தகுதியென்று எண்ணுகின்ற இம்மயக்கம் சீட்டு மேசையோடு நின்றுவிடுவதில்லை. எந்தத் தொட்டிலில் பிறந்தோம் என்பதைத் தன் சாதனையாகப் பேசுவோரை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள். ஆதலின் இந்த மயக்கத்தின் சுவடு நம் நெஞ்சில் ஏறாமல் காத்துக்கொள்ளும் கடமை மற்றெவரினும் நமக்கு மிகுதி.

சட்டம் இவ்விஷயத்தை வேறு வழியாக நோக்கிவந்தது. 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மி ஆட்டம் பெரும்பாலும் திறமையால் ஆவதென்றும், மூன்று சீட்டு முழுதும் தற்செயலென்றும் பிரித்துக் கூறிற்று. 2025 ஆகஸ்டு மாதத்தில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டமோ, திறமை, தற்செயல் என்ற வேறுபாடு பாராமல் இணைய வழியில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை விலக்கிற்று. சட்டம் கேட்பது, வென்றது திறமையா என்று. நாம் கேட்பது, அத்திறமை எதனைப் பழகிய திறமை என்று.

சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவான் அருளிய உபதேசத்தில் சூதின் கேடுகள் ஆறு எண்ணப்பட்டுள்ளன. அவற்றின் வரிசையைக் கவனியுங்கள். முதற்கேடு தோற்றவனுக்கு வருவதன்று, வென்றவனுக்கு வருவது. வெற்றியானது பகையைப் பெறுகிறது என்பதே முதலில் நிற்கிறது. அதன் பின்னரே தோற்றவனுடைய துயரமும் பொருளிழப்பும் கூறப்படுகின்றன. நான்காவது கேடு, சூதாடியின் சொல் சபையில் எடுபடாது என்பது. நாம் மேலே கண்டதும் இதுவேயன்றோ? தன் சொல் நம்பப்படாதிருக்கவேண்டுமென்று மேசையில் உழைத்தவன், சபையிலும் அந்த விளைச்சலையே பெறுகிறான். விதைத்தது ஓரிடத்தில் மட்டும் முளைக்கவேண்டுமென்று யாரும் நிலத்துக்குக் கட்டளையிட முடியாது.

பாயாசி சூத்திரத்தில் ஒரு கதையும் உளது. காய் உருட்டி ஆடும் இருவரில் ஒருவன், தோல்வி தரும் காய் விழும்போதெல்லாம் அதனை வாயில் போட்டு விழுங்கிவந்தான். மற்றவன் அதனைக் கண்டும் காணாதவன்போல் இருந்து, பிறகு காய்களில் நஞ்சு தடவிக் கொண்டுவந்தான். விழுங்கியவன் துன்புற்றான். ஒளித்தவனும் ஒருவன், அதனினும் ஆழமாக ஒளித்தவனும் ஒருவன். ஒளிவு ஒளிவையே அழைக்கும் என்பதை இதனினும் எளிதாகச் சொல்ல இயலாது.

இனி இளைஞருக்கு நாம் கூறிய விடையைச் சொல்லி முடிப்போம்.

"தம்பி, சீட்டைக் கவிழ்த்து வைப்பது பொய்யன்று. பெருமூச்சு பொய். பணயத்தை உயர்த்தி ஆடுவது பெருமூச்சைவிடத் தூய்மையானதுதான். ஆயினும் நண்பன் நம்பாமற் போகவேண்டும் என்ற ஆசை அதற்குள்ளே இருக்கிறது. இதனை நீயே சோதித்தறியலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பணத்தை நீக்கிவிட்டுப் புளியங்கொட்டை வைத்து ஆடிப் பார். ஆட்டம் இனித்தால், நீங்கள் நாடியது நட்பும் அறிவுக்கூர்மையும் என்று அறிந்துகொள். அதில் குற்றம் காண நாம் விரும்பவில்லை. ஆட்டம் சப்பென்று போய்விட்டால், இதுவரை இனித்தது எது என்பதை எண்ணிப் பார். அது பத்து ரூபாயன்று. பத்து ரூபாய் உன் வீட்டிலேயே இருக்கிறது. நண்பனுடைய பையிலிருந்து அவன் அறியாமையால் வந்த பத்து ரூபாயே இனித்தது."

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஐயா, ஆறு பேரும் சேர்ந்து சோதித்துப் பார்க்கிறோம்" என்றார். அவ்வளவே நாம் வேண்டியது. கட்டளைக்கு அடங்கி விட்டவன் மறுபடியும் அதற்குத் திரும்புவான்; கண்டு விட்டவன் திரும்பான்.

அன்பர்களே, உயர்ந்த கை சீட்டில் மட்டும் வருவதன்று. கல்வி ஒருவருக்கு வருகிறது. கைத்தொழில் திறம் ஒருவருக்கு வருகிறது. நிலையான ஊதியம் ஒருவருக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது வராதிருக்கும். அப்போது முகத்தை மறைத்துக்கொண்டு அவருடைய அறியாமையில் ஆதாயம் தேடுவதா, அல்லது கையைத் திறந்து காட்டி, 'இதனை நான் இவ்வாறு பெற்றேன், நீங்களும் வந்து பாருங்கள்' என்று அழைப்பதா என்னும் கேள்வி ஒவ்வொரு நாளும் எழும். சிறு பணயத்தில் பழகியதே அங்கே வெளிப்படும். ஆராய்ந்து, நன்றெனக் கண்டால் கைக்கொள்ளுங்கள்.